கையாளின் பக்கம் நின்று

சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் வில்லன்களிடம் போய் நிற்கும். பெரிய வில்லனுக்கு அங்கே மரியாதை உண்டு. அவன் மூளையையும் கோட்டையையும் சிரிப்பையும் ஆசை ஆசையாகப் பேசுவார்கள். அவனிடம் வேலை பார்த்துக்கொண்டே எதிர்த்தரப்புக்கும் தகவல் கொடுக்கிற சின்ன வில்லன் ஒருவன் பல கதைகளில் வருவான். அவன் பேச்சு வந்தால் மட்டும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு முடிந்துவிடும்: எட்டப்பன். பெரியவன் கெட்டவனாக இருந்தாலும் நேருக்கு நேர் நின்றான், இவன் சோறு போட்டவனையே காட்டிக்கொடுத்தான், கடைசிக்கு முந்தின பக்கத்தில் இவன் செத்ததுதான் நியாயம் என்பார்கள். கதை எழுதுகிறவர்களும், பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற ஆசிரியர்களும்கூட இதைத்தான் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பு அநியாயமானது. இரண்டு எஜமானர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்ன மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களை நாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

எட்டப்பன் என்ற பெயரை இந்த இடத்தில் பயன்படுத்துவதே பொருந்தாது. எட்டப்பர்கள் ஆண்ட எட்டயபுரம் பாளையம் கும்பினியோடு வெளிப்படையாகக் கூட்டு வைத்திருந்தது. யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். இரட்டை வேடத்துக்கும் எட்டப்பனுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு சொல் வாய்க்கு வசதியாக அமைந்துவிட்டால் வரலாற்றைச் சரிபார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

இனி காமிக்ஸுக்கு வருகிறேன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்தது ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த தொடர் அது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகள். தெலுங்கு மீடியத்தில் படித்த எனக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே இந்த மாதிரிப் புத்தகங்களால்தான். மட்டமான தாள், கறுப்பு வெள்ளை அச்சு, ஓரம் சுருண்ட அட்டை. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல் மீது மின்சாரம் பாய்கிறது. ஆள் மறைந்துபோகிறான். கட்டத்துக்குள் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. விரல்கள் பாதி மடங்கியிருக்கும். எதையோ பிடிக்கப் போகிறதா, ஏற்கெனவே பிடித்துவிட்டதா என்று சொல்ல முடியாது.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் முதலில் செய்தது கொள்ளை. முதல் கதையில் மாயாவி அசல் வில்லன், ஊரையே நடுங்கவைத்தவன். பிறகுதான் அரசாங்கத்தின் ரகசிய அமைப்பில் சேர்கிறான். தமிழில் அதற்கு ‘நிழல் படை’ என்று பெயர் வைத்தார்கள். ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’ என்று வரிசையாக வந்த கதைகளில் அவன் சட்டத்தின் ஆள். நம்மில் ஒருவராவது அவனை எட்டப்பன் என்று சொன்னதுண்டா? திருடனாக இருந்தவன் திருடர்களைப் பிடிக்கப் போனதை மனமாற்றம் என்றோம், திருந்தினான் என்றோம், அடுத்த இதழுக்குக் காத்துக் கிடந்தோம்.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஸ்பைடர். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக நம் பக்கம் வந்தவன். கூர்க் காதும் கறுப்பு உடையும் கையில் வலைத் துப்பாக்கியுமாக, குற்றவாளிகளின் சக்ரவர்த்தி ஆகப் போகிறேன் என்று கிளம்பியவன். அதற்காக இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். ஒருவர் விஞ்ஞானி பெல்ஹாம், இன்னொருவன் பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரன் ஆர்டினி. இருவரும் தொழில்முறைக் குற்றவாளிகள். கொஞ்ச காலம் போனதும் ஸ்பைடருக்கு மனம் மாறுகிறது. குற்றவாளிகளை வேட்டையாடுவதில்தான் சவால் இருக்கிறது என்று தோன்றுகிறது. நீதிக் காவலன் ஆகிவிடுகிறான். அப்போது பெல்ஹாமும் ஆர்டினியும் என்ன ஆனார்கள்? அவர்களும் பின்னாலேயே போனார்கள். நேற்றுவரை எந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தார்களோ அந்தக் கூட்டத்தையே இன்று வேவு பார்த்தார்கள், பொறி வைத்தார்கள், பிடித்தார்கள். பக்கம் மாறலாமா வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. எஜமான் மாறினான், அவர்களும் மாற்றப்பட்டார்கள்.

நமது தீர்ப்பு எங்கே சறுக்குகிறது என்பது இங்கே துல்லியமாகத் தெரிகிறது. தலைவன் பக்கம் மாறினால் மனமாற்றம். தலைவன் மாற்றிவிட்டுக் கையாள் மாறினால் விசுவாசம். கையாள் தானாக மாறினால் மட்டும் துரோகம். மூன்றிலும் நடப்பது ஒரே காரியம். யார் முடிவெடுத்தார்கள் என்பதுதான் வேறு. முடிவெடுக்கும் உரிமை சின்னவனுக்குக் கிடையாது என்ற பழைய எண்ணத்தை நாம் ஒழுக்கம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம்.

இதற்கு எப்போதும் ஒரு பதில் வரும். அந்தச் சின்ன வில்லன் வெறும் கதைக் கருவி, அவனுக்கு மனசு என்று ஒன்றை எழுத்தாளரே கொடுக்கவில்லை, நீங்கள் ஏன் அவனுக்காக வக்காலத்து வாங்குகிறீர்கள் என்பார்கள். காமிக்ஸின் கட்டத்துக்குள் இடம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பாத்திரம் காமிக்ஸில் பிறந்தவன் அல்ல. திருப்பதியில் 1961-இல் தொடங்கப்பட்டு இன்று தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமாக இருக்கும் வளாகத்தைப் போன்ற இடங்களில் வடமொழி கற்றவர்களுக்கு அவனுடைய மூதாதையைத் தெரியும். விசாகதத்தரின் ‘முத்ராராட்சசம்’ நாடகத்தில் வரும் சித்தார்த்தகன்தான் அவன். சாணக்கியன் கதையைப் படக்கதையாகப் படித்த பிள்ளைகளுக்குக் குடுமியை அவிழ்த்துப்போட்டுச் சபதம் செய்த காட்சி மறக்காது. அந்தச் சபதத்துக்குப் பின்னால் உடம்பு நோக வேலை செய்தவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நந்த வம்சம் அழிந்துவிட்டது. சந்திரகுப்தன் அரியணையில் இருக்கிறான். நந்தர்களின் அமைச்சன் ராட்சசன் எதிரி முகாமில் இளவரசன் மலயகேதுவோடு சேர்ந்து பழிவாங்கப் பார்க்கிறான். ராட்சசனைக் கொல்லாமல் தன் பக்கம் இழுக்கவேண்டும் என்பது சாணக்கியனின் திட்டம். அதற்காக சித்தார்த்தகனை அனுப்புகிறான். முதல் வேலை, ராட்சசனின் நண்பன் சகடதாசனைக் கொலைக்களத்திலிருந்து காப்பாற்றுவதுபோல நடிப்பது. கொலையாளிகளுக்கு வலது கண்ணைச் சுருக்கி ஜாடை காட்டினால் அவர்கள் பயந்து ஓடுவதுபோல ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியே நடக்கிறது. நண்பனின் உயிரைக் காத்தவன் என்று ராட்சசன் தன் உடம்பிலிருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்து அவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறான்.

ஐந்தாம் அங்கத்துக்கு வாருங்கள். அனுமதி முத்திரை இல்லாமல் யாரும் முகாமைவிட்டு வெளியேறக் கூடாது என்று கட்டளை இருக்கிறது. சித்தார்த்தகன் வேண்டுமென்றே முத்திரை இல்லாமல் கிளம்புகிறான். கையில் ராட்சசனின் முத்திரை பதித்த கடிதம். காவலர்கள் பிடித்து, கைகளைக் கட்டி, மலயகேதுவின் முன்னால் நிறுத்துகிறார்கள். கடிதம் யாருக்கு என்று கேட்டால் தெரியாது என்கிறான். வெளியே கொண்டுபோய் அடிக்கச் சொல்லி உத்தரவாகிறது. அடிக்கிறார்கள். அடியில் அவன் இடுக்கியிருந்த நகைப் பேழை கீழே விழுகிறது. அது அகப்பட வேண்டும் என்பதும் திட்டத்தில் உள்ளதுதான். அதற்குப் பிறகே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று காலில் விழுந்து, மனப்பாடம் செய்த பொய்யைச் சொல்கிறான். திட்டம் சாணக்கியனுடையது, புகழும் அவனுக்கே. அடி மட்டும் சித்தார்த்தகன் முதுகில் நிஜமாக விழுந்தது. கதைக் கருவிக்கு முதுகு கிடையாது. விசாகதத்தர் இவனுக்கு முதுகு கொடுத்திருக்கிறார்.

அதோடு விடவில்லை. ஆறாம் அங்கத்தில் அவனுக்கு அடுத்த வேலை வருகிறது. ராட்சசனின் இன்னொரு நண்பனான வணிகன் சந்தனதாசனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும் கொலையாளியாக வேடம் போட வேண்டும். கூட வரும் சமித்தார்த்தகனுக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வேலைக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்கிறான். சித்தார்த்தகன் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: உயிர்வாழ ஆசைப்படுகிற எவன் சாணக்கியரின் கட்டளையை மீறுவான்? நாட்டுப்பற்று என்றோ மௌரிய அரசின் பெருமை என்றோ அவன் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. சொந்தப் பக்கத்தைப் பற்றி அவன் சொல்லக்கூடியதெல்லாம் பயம் ஒன்றுதான். இரட்டை உளவாளிக்கு உள்மனம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு பதிலைப் படித்துவிட்டு மறுபடி பேசட்டும்.

கடைசி அங்கத்தில் சாணக்கியனின் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக ராட்சசன் முன்னால் வெளிப்படுகின்றன. அங்கே ஒரு பட்டியல் வரும். ஓடிப்போனதாக நடித்த வேலையாட்கள், அந்தக் கடிதம், அந்தச் சித்தார்த்தகன், அந்த மூன்று நகைகள் என்று போகும். கடிதத்துக்கும் நகைக்கும் நடுவில் ஒரு மனிதன். நாடகாசிரியர் இதை அறியாமல் எழுதினார் என்று நான் நம்பவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் பலமானது. இவனால் ஆட்கள் சாகிறார்களே என்பார்கள். ஆம், சாகிறார்கள். சித்தார்த்தகன் சொன்ன பொய்யை நம்பி மலயகேது தன் கூட்டணியைச் சேர்ந்த ஐந்து அரசர்களைக் கொல்ல உத்தரவிடுகிறான். நிலத்துக்கு ஆசைப்பட்டதாகச் சொல்லப்பட்ட மூவரைக் குழியில் போட்டு மூடச் சொல்கிறான். யானைகளுக்கு ஆசைப்பட்டதாகச் சொல்லப்பட்ட இருவரை யானைக் காலில் இடறச் சொல்கிறான். கொடூரமான சாவு. சித்தார்த்தகனுக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொய் அவன் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பொய்யை எழுதியவன் ஒருவன், விசாரிக்காமல் அதன் மேல் உத்தரவு போட்டவன் இன்னொருவன். எழுதியவனை ராஜதந்திரி என்று கொண்டாடி, டெல்லியில் தூதரகங்கள் இருக்கும் பகுதிக்குச் சாணக்கியபுரி என்று பெயர் வைத்திருக்கிறோம். சொன்னவனை மட்டும் துரோகி என்கிறோம். பழியைப் பங்கு போடுவதாக இருந்தால் மூன்று பேருக்கும் போட வேண்டும், பெரிய பங்கு மேலே இருப்பவனுக்குப் போக வேண்டும்.

கௌடில்யரின் பெயரால் வழங்கும் ‘அர்த்தசாஸ்திர’த்தின் சுவடி கிடைத்து மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1909-இல் பதிப்பித்தார். அதில் இரண்டு தரப்பிலும் சம்பளம் வாங்கும் உளவாளிகளைப் பற்றி நேரடியாகவே பேச்சு வருகிறது. அப்படிப்பட்டவர்களை அனுப்பும்போது அவர்களுடைய மனைவி மக்களை அரசன் தன் பிடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் யோசனை. நன்றாகக் கவனியுங்கள். எதிரி நாட்டில் அவன் பிடிபட்டால் சாவு. வேலையில் சந்தேகம் வந்தால் சொந்த நாட்டில் குடும்பத்துக்குக் கேடு. இப்படி இரண்டு பக்கமும் கழுத்தில் கயிறு போட்டு அனுப்பிய ஒருவனிடம் போய் உனக்கு ஏன் ஒரே பக்கத்தில் விசுவாசம் இல்லை என்று கேட்கிறோம். விசுவாசத்தை நம்பியிருந்தால் அவர்கள் ஏன் குடும்பத்தைப் பிடித்து வைத்தார்கள்?

வள்ளுவரிடமும் எனக்கு இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒற்றாடல் அதிகாரத்தின் பத்துக் குறளும் அரசனின் ஆசனத்திலிருந்து பேசுகின்றன. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கின்றன. ஒருவரை ஒருவர் அறியாமல் ஆளச் சொல்லி, மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பச் சொல்கின்றன. ஒற்றனுக்குச் சிறப்புச் செய்வதானால் ஊரறியச் செய்யக் கூடாது என்கின்றன. அரசனுக்கு இவை நல்ல புத்திமதிதான். ஆனால் ஒற்றனின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். உன்னை நம்ப மாட்டோம், உனக்குத் துணை யாரென்று சொல்ல மாட்டோம், நீ ஜெயித்தாலும் வெளியே சொல்ல மாட்டோம். எவ்வளவோ பேருக்காக வாதாடிய அந்தப் பெரும் புலவர் இவனுக்காக ஒரு குறள் எழுதியிருக்கலாம்.

அயல்நாட்டிலிருந்து ஒரே ஓர் ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன், ஏனென்றால் அவன் காமிக்ஸிலிருந்து இறங்கி வந்தவன் போலவே இருக்கிறான். எட்டி சாப்மேன் இங்கிலாந்துக்காரன். வெடிமருந்து வைத்து இரும்புப்பெட்டி உடைக்கிற திருடன், ஆர்டினியின் தொழில்தான். ஜெர்சி தீவின் சிறையில் இருந்தபோது 1940-இல் ஜெர்மானியர்கள் அந்தத் தீவைப் பிடித்தார்கள். அவனை உளவாளியாகப் பழக்கி 1942 டிசம்பரில் இங்கிலாந்தில் பாராசூட்டில் இறக்கினார்கள். இறங்கியவன் நேராக பிரிட்டிஷ் உளவுத்துறையிடம் போய்ச் சேர்ந்தான். ஹாட்ஃபீல்டில் இருந்த விமானத் தொழிற்சாலையைத் தகர்த்துவிட்டதாக 1943 ஜனவரியில் நாடகமாடி ஜெர்மானியரை நம்பவைத்தார்கள். மறுபடி எதிரி நாட்டுக்குள் போய், இரும்புச் சிலுவைப் பதக்கமும் வாங்கிக்கொண்டு திரும்பினான். 1944-இல் பிரிட்டிஷ் உளவுத்துறை அவனோடு இருந்த தொடர்பை முடித்துக்கொண்டது. அதே காலத்தில் இரட்டை உளவாளியாக இருந்த ஸ்பெயின்காரர் ஹுவான் புஜோலுக்கு இரண்டு பக்கமும் பதக்கம் கிடைத்தது, பிரிட்டனும் கொடுத்தது. சாப்மேனுக்கு பிரிட்டன் பதக்கம் கொடுக்கவில்லை. திருட்டு வழக்குகளிலிருந்து விடுதலை கொடுத்தது. அவன் யோக்கியன் என்று நான் வாதிட வரவில்லை. யோக்கியன் இல்லாதவனும் உயிரைப் பணயம் வைத்து ஒரு காரியத்தை முடிக்க முடியும் என்பதை ஏற்க நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற ஆசிரியர்களின் கவலையை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். இரட்டை உளவாளியைப் படித்து ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது பொய் சொல்ல அல்ல. ஒரு மனிதன் சொல்வதற்கும் நினைப்பதற்கும் நடுவில் இடைவெளி இருக்கும், அதற்கு அவனுடைய சூழ்நிலை காரணமாக இருக்கலாம் என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது. நல்லவன் ஒரு பக்கம், கெட்டவன் ஒரு பக்கம் என்று மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமலே போகும்.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். இந்த வாதத்தை நான் இவ்வளவு சூடாக நடத்துவதற்குக் காரணமே ஊர்தான்.

சந்திரகிரிக் கோட்டைக்கு வருகிறவர்களுக்கு ராஜ மகாலைக் காட்டுவோம். வேங்கடபதி ராயன் காலத்துப் பெருமையைச் சொல்வோம். 1614-இல் அவன் இறந்ததும் நடந்த ரத்தக்களரியைச் சொல்வதில்லை. வாரிசாக முடிசூட்டப்பட்ட ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறையில் அடைத்தான் கொப்பூரி ஜக்கராயன். அந்தக் குடும்பத்தில் ஒரு சிறுவனை மட்டுமாவது வெளியே கொண்டுவர வேலுகோட்டி யாசம நாயக்கன் வழி தேடினான். வழி ஒரு வண்ணான் ரூபத்தில் கிடைத்தது. சிறைக்குள் போய்வர அனுமதி இருந்த அவன் அழுக்குத்துணி மூட்டைக்குள் இளவரசன் ராமதேவனை ஒளித்து வெளியே கொண்டுவந்துவிட்டான் என்று மனுவேல் பராதாஸ் என்ற ஏசுசபைப் பாதிரியார் 1616-இல் எழுதிய கடிதம் சொல்கிறது. பிறகு ஸ்ரீரங்கனையும் மற்றவர்களையும் ஜக்கராயன் கொன்றான். காவிரிக்கரைத் தோப்பூரில் பெரும் போர் நடந்தது. ஜக்கராயன் செத்தான், ராமதேவன் அரசனானான்.

ஜக்கராயனின் காவலர்கள் நம்பி உள்ளே விட்ட ஆள் அந்த வண்ணான். அவர்கள் கணக்கில் அவன் துரோகி. மூட்டையை ஒரு காவலன் அவிழ்த்துப் பார்த்திருந்தால் அங்கேயே அவன் தலை போயிருக்கும். ஜக்கராயனின் பெயர் நமக்குத் தெரியும், யாசமனின் பெயர் தெரியும், எங்கோ உட்கார்ந்து கடிதம் எழுதிய பாதிரியார் பெயரும் தெரியும். ஓர் அரச வம்சத்தைத் தலையில் சுமந்து வந்தவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டு பக்கம் என்ற பிரச்சினை எங்கள் வீடுகளுக்கும் வந்தது. 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டம் சித்தூர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம் நடந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அண்ணன் குடும்பம் அரக்கோணத்தில், தம்பி குடும்பம் புத்தூரில் என்று பிரிந்தவர்கள் உண்டு. சென்னைக்குப் போனால் எங்களைத் தெலுங்குக்காரன் என்பார்கள். சித்தூர் பஜாரில் அரவவாடு, அதாவது தமிழன், என்பார்கள். நீ உண்மையில் எந்தப் பக்கம் என்ற கேள்வியை இரண்டு ஊரிலும் கேட்டு வளர்ந்தவனுக்கு, அந்தக் கேள்வியில் இருக்கும் வன்முறை தெரியும். கோடு போட்டவர்களிடம் அந்தக் கேள்வி ஒருநாளும் கேட்கப்படுவதில்லை. கோட்டின் மேல் நிற்கிறவனைத்தான் கேட்கிறார்கள்.

அதைவிடக் கொடிய உதாரணம் மலையில் இருக்கிறது. சேஷாசலம் காடுகளில் செம்மரம் வெட்ட ஜவ்வாது மலையிலிருந்தும் தர்மபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் ஏழை ஜனங்களை மேஸ்திரிகள் கூட்டி வருகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே அந்தக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்களைத் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. அன்றைக்குப் பொதுப் பேச்சில் அடிபட்ட சொல் கடத்தல்காரர்கள் என்பது. மரத்தை விலை பேசியவன், லாரி பிடித்தவன், கப்பல் ஏற்றியவன் எவனும் அந்த 20 பேரில் இல்லை. கோடாலி பிடித்த கைகள் மட்டும் இருந்தன.

இந்தத் தொழிலில் பிடிபட்ட கூலியிடம் முதலில் கேட்கப்படுவது மேஸ்திரியின் பெயர். சொன்னால் ஜாமீனுக்கு வழி பிறக்கலாம், ஆனால் ஊரில் காட்டிக்கொடுத்தவன் ஆவான், வாங்கிய முன்பணத்துக்காக மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நிற்பான். சொல்லாவிட்டால் ஜெயில், கேஸுக்கு வரும்போதெல்லாம் பஸ் சார்ஜ், வீட்டில் பட்டினி. சொல்லிவிட்டு வெளியே வந்தவனை அடுத்த தடவையும் தகவல் கொடு என்பார்கள். அன்றிலிருந்து அவன் இன்பார்மர். இரண்டு பக்கத்துக்கும் வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம், இரண்டு பக்கத்திலும் அவன் செத்தால் கேட்க ஆளில்லை. 2021-இல் வந்த ‘புஷ்பா’ படத்தில் கூலியாக இருந்து தலைவனானவனுக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. தலைவனாகாமல் கூலியாகவே நின்றுபோனவனைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. காமிக்ஸில் சின்ன வில்லன் செத்ததும் அலட்சியமாகப் பக்கத்தைப் புரட்டிப் பழகிய கை, பத்திரிகையில் 20 பேர் செய்தி வந்தபோதும் அப்படியே புரட்டிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

துரோகி என்ற தீர்ப்பில் இன்னும் உறுதியாக இருப்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. முத்ராராட்சசத்தின் முடிவில் ராட்சசன் என்ன செய்கிறான்? நந்தர்களுக்காகவே உயிர் வாழ்ந்த அமைச்சன், சந்தனதாசனின் உயிரைக் காப்பதற்காக, சந்திரகுப்தனின் அமைச்சனாக வாளை ஏற்றுக்கொள்கிறான். எந்த அரசை வேரறுக்க ஏழு அங்கமும் பாடுபட்டானோ அந்த அரசுக்கே சேவகம் செய்யச் சம்மதிக்கிறான். அவனை யாரும் பக்கம் மாறியவன் என்று சொல்வதில்லை. நண்பனுக்காகத் தன் கொள்கையை விட்டுக்கொடுத்த பெருந்தன்மை என்று வாத்தியார்கள் பாடம் சொல்கிறார்கள், நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். சந்தனதாசன் எல்லா நகரங்களுக்கும் தலைமை வணிகனாகிறான். மலயகேதுவுக்குத் தந்தையின் நாடு திரும்பக் கிடைக்கிறது. கட்டப்பட்டவர்கள் எல்லோரும் அவிழ்க்கப்படுகிறார்கள். அந்தப் பரிசுகளில் சித்தார்த்தகனுக்கு என்று ஒன்றும் இல்லை. அவன் முதல் அங்கத்திலும் சாணக்கியனின் ஆள், அடி வாங்கிய ஐந்தாம் அங்கத்திலும் சாணக்கியனின் ஆள், கொலையாளி வேடத்தில் நின்ற ஏழாம் அங்கத்திலும் சாணக்கியனின் ஆள். அந்த மேடையில் பக்கம் மாறியவர் அமைச்சர்தான்.